தேடல் நிறுவனம் சொந்தமாக இயங்குதளம் செய்யுமா? கோவில் வகுப்புக் கணினிகளில் அதை நம்பிப் போடலாமா?

சிரியம் வகுப்பறை
வணக்கம். மியான்மரில் எங்கள் கோவில் தமிழ் வகுப்பில் 9 மடிக்கணினிகள் இருக்கின்றன. 2012 முதல் 2015 வரை வந்த மாடல்கள். எல்லாவற்றிலும் 4 ஜிபி ரேம், சுழலும் பழைய ஹார்டு டிஸ்க். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது, 11க்கு இவை தகுதி பெறாது. கூகுளின் சொந்த இயங்குதளத்தை இலவசமாகப் போடலாம் என்கிறார் கமிட்டியில் ஒருவர். "தேடல் கம்பெனிக்கு எதற்கு அந்த வேலை, பாதியில் விட்டுவிட்டுப் போனால் நாம் என்ன செய்வது" என்கிறார் இன்னொருவர். பிள்ளைகள் தமிழும் பர்மியமும் தட்டச்சு செய்ய வேண்டும். மின்சாரம் முறை வைத்துத்தான் வருகிறது, இணையம் போன் ஹாட்ஸ்பாட் மட்டும். தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

தட்டோன் நிரலாளன்
இரண்டாமவர் கேட்டது நல்ல கேள்வி. அதையே முதலில் பார்ப்போம். தேடல் நிறுவனத்துக்குச் சோறு போடுவது தேடல் பெட்டியை ஒட்டி வரும் விளம்பரம். அந்தப் பெட்டி அடுத்தவர் கருவியில் இருந்தால் வாசலுக்கு வாடகை கட்டியாக வேண்டும். ஆப்பிளின் சஃபாரியில் தன் தேடலே முதலில் நிற்பதற்காக கூகுள் 2022இல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளியே வந்தது. சொந்த வாசல் இருந்தால் அந்த வாடகை இல்லை. ஆண்ட்ராய்டை 2005இலேயே வாங்கிப் போட்டதற்கும், 2009 ஜூலையில் குரோம் ஓஎஸ் என்ற கணினி இயங்குதளத்தை அறிவித்ததற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. குரோம் ஓஎஸ் போட்ட ஏசர், சாம்சங் கணினிகள் 2011 ஜூனில் கடைக்கு வந்தன.

ஆனால் "சொந்தமாகச் செய்தது" என்ற சொல்லில் கவனம் வேண்டும். ஆண்ட்ராய்டு, குரோம் ஓஎஸ் இரண்டுக்கும் அடியில் ஓடும் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் கருப்பகுதி, லினக்ஸ். லினக்ஸ் இல்லாமல் கூகுள் வளர்த்தது ஃபியூஷியா. அதன் கெர்னல் பெயர் சிர்கான். 2021இல் நெஸ்ட் ஹப் என்ற வீட்டுத் திரையில் முதலில் இறக்கினார்கள். மடிக்கணினிக்கு அது வரவில்லை.

விட்டுவிட்டுப் போவார்களா என்ற பயத்துக்கும் முன்கதை உண்டு. சீனத்தின் பைடுவும் தேடல் நிறுவனம்தான். 2011இல் ஆண்ட்ராய்டின் மேல் பைடு யீ என்று ஒன்று கட்டியது, 2015இல் நிறுத்திவிட்டது. கூகுளும் ஆண்ட்ராய்டையும் குரோம் ஓஎஸ்ஸையும் ஒன்றாக்கப் போவதாக 2025இல் சொல்லிவிட்டது. உங்கள் கணினிக்குப் பொருந்துவது குரோம் ஓஎஸ் ஃபிளெக்ஸ், பழைய கணினிகளில் போடுவதற்கான அதன் இலவசப் பதிப்பு, 2022இல் வந்தது. கூகுள் சோதித்துச் சான்று தந்த மாடல்களின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் ஆதரவு முடியும் ஆண்டு போட்டிருக்கும். 9 மாடல்களையும் அதில் தேடுங்கள். பட்டியலில் இல்லாததும் ஓடக்கூடும், ஆனால் உத்தரவாதம் கிடையாது.

மோல்மேன் விசைப்பலகை
அண்ணன் சொன்ன பட்டியலைப் பார்த்துவிட்டு வேலையில் இறங்குங்கள். தேவை 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி, 4 ஜிபி ரேம், 16 ஜிபி டிஸ்க். 8 ஜிபிக்குக் குறையாத பென்டிரைவ் ஒன்று, அதில் இருப்பது அழிந்துபோகும். ஏதாவது ஒரு கணினியின் குரோம் பிரவுசரில் குரோம்புக் ரெகவரி யுட்டிலிட்டி நீட்சியைச் சேர்த்து, மாடல் கேட்கும் இடத்தில் ஃபிளெக்ஸைத் தேர்ந்தால் அதுவே இறக்கி எழுதிவிடும். இதை ஹாட்ஸ்பாட்டில் செய்யாதீர்கள், பாதியில் அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிறகு கணினியைப் பென்டிரைவிலிருந்து எழுப்புங்கள் (பூட்). இயக்கியதும் அழுத்த வேண்டிய விசை: டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, ஏசுஸில் எஸ்கேப். ஏசரில் எஃப்12 மெனு பயாஸ் என்ற அடிப்படை அமைப்புத் திரைக்குள் அணைந்திருக்கும், முதலில் அதை இயக்கிவிட வேண்டும். நிறுவாமல் சோதித்துப் பார்க்கும் வழியையே முதலில் எடுங்கள். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, இந்த நான்கையும் பாருங்கள். இந்த வயது மடிக்கணினிகளில் முதலில் காலை வாருவது வைஃபை சில்லு. நிறுவினால் டிஸ்க் முழுவதும் துடைக்கப்படும், விண்டோஸைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள இடமில்லை.

இன்னொன்று, திரையில் ஆண்டு 2012 என்று காட்டினால் தாய்ப்பலகையின் சிறு பேட்டரி செத்துவிட்டது. பெரும்பாலும் சிஆர்2032தான், மாற்றிவிடுங்கள். தேதி தப்பாக இருந்தால் சான்றிதழ் செல்லாது என்று தளங்கள் மறுக்கும், உள்நுழையவே முடியாமல் போகலாம். இயங்குதளத்தைக் குறை சொல்லிக்கொண்டு ஒரு நாள் வீணாகும்.

தட்டச்சுக்குக் கவலை வேண்டாம். தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி, இன்ஸ்கிரிப்ட் என்ற தமிழ் விசைப்பலகை முறைகள் எல்லாம் உள்ளேயே உண்டு. பர்மியத்துக்கும் மியான்சான் உட்பட விசைப்பலகைகள் இருக்கின்றன. கன்ட்ரோலும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மாறும்.

சிரியம் வகுப்பறை
மிக்க நன்றி. பழைய பாடக் கோப்புகள் பாமினி என்ற தமிழ் எழுத்துருவிலும், பர்மிய அறிவிப்புகள் சவ்ஜி என்ற பர்மிய எழுத்துருவிலும் கிடக்கின்றன. அவை திறக்குமா?

மோல்மேன் விசைப்பலகை
திறக்கும், ஆனால் படிக்க வராது. நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாமினியில் "அ" என்று தெரிவது உண்மையில் ஓர் ஆங்கில எழுத்து, எழுத்துரு தான் அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. குரோம் ஓஎஸ்ஸில் நாமாக எழுத்துருவை நிறுவ வழியில்லை. ஆகவே பாடம் முழுக்க ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். சவ்ஜி இன்னும் சிக்கல். எல்லா மொழி எழுத்துக்கும் எண் தரும் பொது முறையான யூனிகோடு பர்மியத்துக்கு ஒதுக்கிய அதே எண்களை, சவ்ஜி வேறு முறையில் பயன்படுத்துகிறது. அதனால் எழுத்துகள் பர்மியமாகவே தெரியும், ஆனால் உயிர்க்குறிகளும் அடுக்கெழுத்துகளும் இடம் மாறிக் குழம்பிக் கிடக்கும். 2019 அக்டோபர் 1 முதல் மியான்மர் யூனிகோடுக்கு மாறிவிட்டது. அதற்கு முந்தைய கோப்பு எல்லாவற்றையும் சந்தேகத்தோடு பாருங்கள்.

விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். பாமினிக்கு இலவச மாற்றிகள் நிறைய உண்டு. மாற்றியபின் ஒவ்வொரு கோப்பிலும் ஒரு பக்கமாவது கண்ணால் படியுங்கள், கொம்பும் காலும் அடிக்கடி தடுமாறும். ஒரே கோப்பில் ஆங்கிலச் சொல் கலந்திருந்தால் அதுவும் தமிழாகிக் கெட்டுப்போகும், அந்த வரிகளைத் தனியே எடுத்து வையுங்கள். சவ்ஜியைக் கண்டுபிடித்து மாற்ற கூகுளே மியான்மர் டூல்ஸ் என்ற திறந்தமூலக் கருவி தந்திருக்கிறது. மாற்றியதை இரண்டு பென்டிரைவில் பத்திரப்படுத்திய பிறகுதான் டிஸ்க்கில் கை வைக்க வேண்டும்.

ரங்கூன் 51வது தெரு
தம்பி சொன்ன வழியில் தவறில்லை. ஆனால் இந்த வகுப்புக்கு நான் ஃபிளெக்ஸைப் பரிந்துரைக்க மாட்டேன். 2021 பிப்ரவரியில் இரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையமே இல்லாமல் இருந்தோம். பிரவுசரையே வீடாகக் கொண்ட இயங்குதளத்தில் முதல் உள்நுழைவுக்கே இணையம் வேண்டும். கூகுள் டாக்ஸை இணையமின்றித் திறக்க, இணையம் இருக்கும்போதே ஒவ்வொரு பிள்ளையின் கணக்கிலும் அந்த வசதியை இயக்கி வைக்க வேண்டும். விருந்தினராக நுழைந்தால் வெளியேறியதும் எழுதியது போய்விடும். ஃபிளெக்ஸில் பிளே ஸ்டோரும் கிடையாது, ஆண்ட்ராய்டு செயலியை நம்பிப் போடாதீர்கள்.

லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு போடுங்கள். 2 ஜிபி ரேமில் ஓடும், 4 இருந்தால் வசதி. டிஸ்க்கில் 20 ஜிபி போதும். ஆவணம் எழுத லிபர் ஆபீஸ் கூடவே வரும், இணையம் இல்லாமல் எல்லாம் நடக்கும். தமிழ்99க்கு ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள் இரண்டையும் நிறுவ வேண்டும், அதற்கு மட்டும் ஒரு முறை இணையம் தேவை. பாமினி எழுத்துருவைக்கூட நிறுவிக்கொள்ளலாம், மாற்றும் வேலையை அவசரமில்லாமல் செய்யலாம். எதைப் போட்டாலும் சுழலும் டிஸ்க்கை எடுத்துவிட்டு 120 ஜிபி எஸ்எஸ்டி (சுழலாத, வேகமான சேமிப்பகம்) வையுங்கள். இந்த வயது கணினியில் வேகம் கூடுவது அதனால்தான்.

தட்டோன் நிரலாளன்
ஐயா சொன்ன இணையக் குறையை ஏற்கிறேன். மின்வெட்டைப் பொறுத்தவரை ஃபிளெக்ஸுக்கு ஒரு பலம் உண்டு. இயங்குதளத்துக்கு இரண்டு பிரதிகள் வைத்திருக்கும், ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றதில் புதுப்பிப்பை எழுதும். பாதியில் மின்சாரம் போனாலும் பழைய பிரதியில் எழுந்துவிடும். மின்டில் புதுப்பிப்பு நடுவே மின்சாரம் போனால் மென்பொருள் பொதிகள் அரைகுறையாக நின்றுவிடக்கூடும். பேட்டரி செத்த மடிக்கணினியில் இது உண்மையான ஆபத்து. ஆகவே மின்ட் போட்டால் தானியங்கிப் புதுப்பிப்பை அணைத்துவிட்டு, மின்சாரம் உறுதியாக இருக்கும் நேரத்தில் கையால் செய்யுங்கள்.

9 கணினியில் 7க்கு மின்ட் போடுங்கள். பட்டியலில் இருக்கும் மாடல்களில் 2ஐ மட்டும் ஃபிளெக்ஸுக்கு ஒதுக்கி, இணையத் தேடல், காணொளிப் பாடம் என்று வையுங்கள். பிரின்டர் மாடல் எண்ணையும் இங்கே போடுங்கள். விண்டோஸ் டிரைவரை நம்பி ஓடும் மலிவு லேசர் என்றால் இரண்டிலுமே தகராறு வரும், நிறுவுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.