ஒரே மலை, இந்தப் பக்கம் அட்டை, அந்தப் பக்கம் கள்ளி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

மாறாமலை மருமகன்:
மாமனார் வீட்டு வகையில் கன்னியாகுமரி மாவட்டத்து மாறாமலையில் கொஞ்சம் கிராம்பு உண்டு, பறிப்பு நேரத்தில் மட்டும் நானும் ஏறுவேன். பறிப்பைப் பற்றி எழுத வரவில்லை. போன வருஷம் வேலை முடிந்த மறுநாள் அனுமதி வாங்கி, வனத்துறை வாட்சர் அண்ணனோடு மேலே முகடு வரை போனோம். தோட்டத்தை ஒட்டி நிற்கிற காட்டு ஞாவலை, அதாவது காட்டு நாவல் மரத்தை, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், பூ எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கீழே உதிர்ந்து கிடப்பதை வைத்துத்தான் பூத்திருக்கிறது என்று சொல்வோம். முகட்டில் அதே மாதிரி இலை, அதே மாதிரி பூ, ஆனால் மரம் என் இடுப்பு உயரம். எல்லாம் கிழக்குப் பக்கமாகச் சாய்ந்து, யாரோ சீப்பு எடுத்து வாரிவிட்டது போல. தடி முழுக்கப் பாசி, கொழுந்து மட்டும் ரத்தச் சிவப்பு. நான் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஞாவல் மரத்தின் உச்சிப் பூவை முகர்ந்தேன். ஒரு வருஷமாக அதுவே மனசில் நிற்கிறது. அதே மரம்தான் குட்டையாகிவிட்டதா, இல்லை வேறா? ஒரு இலையைக் கிராம்புக் கணக்கு நோட்டில் வைத்திருக்கிறேன்.

முப்பந்தல் ஷிஃப்ட்:
எனக்கு மரமெல்லாம் தெரியாது. காற்றாலையில் வேலை. ஒரு ஜூலை மாதம், காலையில் கீரிப்பாறைப் பக்கம் ஒரு துக்க வீடு. குடை பிடித்தும் நனைந்து, செருப்புக்குள் அட்டை ஏறி, கடித்ததுகூடத் தெரியவில்லை. அங்கிருந்து நேரே மதியம் டியூட்டிக்கு வந்துவிட்டேன். முப்பந்தலில் ஒரு உடைமரத்தடியில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறேன், சுற்றிலும் கள்ளியும் முள்ளும், புழுதிக் காற்றில் உதடு வெடிக்கிறது, குனிந்து பார்த்தால் காலையில் அட்டை கடித்த இடத்தில் இன்னும் ரத்தம் நிற்கவில்லை. ஈரக்காட்டு ரத்தம் பொட்டல் மண்ணில் சொட்டுகிறது. நிமிர்ந்து பார்த்தால் மலை முகட்டில் மேகம் கூரை போட்டது போல அப்படியே நிற்கிறது, ஒரு துளி இந்தப் பக்கம் விழவில்லை. மேகம் மேற்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, இறங்கும்போது வெறும் சூட்டுக் காற்றாக இறங்குகிறது என்று சூப்பர்வைசர் சொன்னார். அந்தக் காற்றை நம்பித்தான் எங்கள் சம்பளம். மழை அதிகம் பெய்கிற பக்கம் செடி அதிகம், அவ்வளவுதானே விஷயம்?

பாட்டனி டீச்சர்:
இல்லை தம்பி, அவ்வளவுதான் இல்லை. முதலில் மருமகனுக்குச் சொல்லிவிடுகிறேன். அது வேறு இனமாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஞாவல் வகையில் பல இனங்கள் உண்டு. அடிவாரத்தில் ஒன்று, சோலையில் ஒன்று, முகட்டில் ஒன்று என்று உயரத்தைப் பங்கு போட்டுக்கொண்டவை. நீங்கள் பறிக்கிற கிராம்பும் சிசிஜியம் என்கிற அதே பேரினம்தான், ஆகவே பூவும் மொட்டும் ஒரே சாயலில் இருப்பதில் ஆச்சரியமே இல்லை. 1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்கிறது, மண்ணின் ஆழம் குறைகிறது, காற்று ஓயாமல் ஈரத்தை உறிஞ்சுகிறது. உயரமாக வளர்கிற மரத்துக்கு அங்கே பிழைப்பு இல்லை. சிவப்புக் கொழுந்தும் வெயிலுக்குப் போட்ட குடை மாதிரிதான்.

இனி மழைக்கு வருவோம். கர்நாடகத்தில் ஆகும்பேயில் வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. நம் மலையில் அவ்வளவு இல்லை. ஆனால் அங்கே சில மாதங்களில் மொத்தமும் பெய்து முடிந்து பிறகு நீண்ட வறட்சி. நமக்கு இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் உண்டு, துலாமழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் உண்டு. அதனால் காய்கிற மாதங்கள் குறைவு. வறட்சி தாங்காத மரங்கள் தெற்கே வந்து கூடுவதற்கு அதுதான் காரணம். எவ்வளவு பெய்தது என்பதைவிட எத்தனை மாதம் பெய்யவில்லை என்று எண்ணுங்கள். அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகத்தில் 2,000க்கும் மேற்பட்ட செடியினங்கள் கணக்கில் இருக்கின்றன. செங்குறிஞ்சி மரம் இந்தத் தென்கோடி மலைகளைத் தவிர உலகத்தில் எங்கேயும் இல்லை.

என் அனுபவம் என்று சொல்லப்போனால் மாணவிகளோடு ஒரு ஈரப்பாறையில் அழுகண்ணியைப் பார்த்ததுதான். பாறைமேல் விரல்கடை மண்கூடக் கிடையாது, சத்து இல்லை, ஆகவே இலைப் பசையில் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. ஒரு பெண் அதைத் தொட்டுவிட்டு நாள் முழுக்கக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வடசேரி மாடித்தோட்டம்:
திட்டாதீர்கள். பாலமோர் மலைப் பக்கம் போயிருந்தபோது ரோட்டோரம் முறிந்து விழுந்த கொம்பில் ஒரு ஆர்க்கிட் ஒட்டியிருந்தது, எப்படியும் சாகத்தானே போகிறது என்று கொண்டுவந்து வீட்டுத் தென்னையில் கட்டிவிட்டேன். இலை சுருங்க ஆரம்பித்ததும் குளிர்ச்சி போதவில்லை என்று நினைத்து, தினமும் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஸ்பிரே பண்ணினேன். "பிள்ளைக்குப் பால் கலக்க எழுந்திருக்க மாட்டாள், செடிக்கு எழுந்திருக்கிறாள்" என்று அத்தை சொல்லிக் காட்டினார். நாற்பத்திரண்டு நாள். கடைசியில் தொட்டதும் வேர் நூல் நூலாகக் கையோடு வந்தது. பனி வேறு, ஃப்ரிட்ஜ் தண்ணீர் வேறு என்று அப்போது புரியவில்லை.

ஓய்வுபெற்ற ஃபாரஸ்ட் கார்டு:
திட்டவில்லை மக்களே, ஆனால் கேளுங்கள். விழுந்த கொம்பானாலும் காட்டுப் பொருள் காட்டுப் பொருள்தான். 2008ல் இந்தக் காடு சரணாலயம் ஆனபிறகு ஒரு இலை எடுத்தாலும் வழக்கு வரலாம், மருமகன் அந்த நோட்டைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். அடுத்தமுறை விழுந்த கொம்பைப் பார்த்தால் பக்கத்து மரத்துக் கவட்டில் அதே நிழலில், அதே பக்கம் பார்த்துச் சொருகிவிட்டு வாருங்கள், பாதியாவது பிழைக்கும். வேரில் பாசி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், தண்ணீரைப் பிடித்து வைப்பதே அதுதான். ஆர்க்கிட் வளர்க்க ஆசை என்றால் நர்சரியில் சூடு தாங்குகிற வகை கேட்டு வாங்குங்கள். அட்டைக்குத் தேங்காய் எண்ணெயில் மூக்குப்பொடி குழைத்துக் கணுக்காலில் தடவுங்கள், உப்புப் பொட்டலம் கையில் இருக்கட்டும், பிடித்து இழுக்காதீர்கள். முகட்டுக்குப் போனால் இரண்டு மணிக்குள் இறங்கிவிட வேண்டும், மஞ்சு மூடினால் எனக்கே வழி தெரியாது. பிளாஸ்டிக் கவர் கொண்டுபோகிறவர்கள் அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள். மெல்லிய மூங்கில் புதரான ஈத்தைக்காட்டில் பேசிக்கொண்டே நடங்கள், யானை ஒதுங்கிப் போகும்.

யானை என்றதும் ஞாபகம் வருகிறது. வரைக்கமுகு என்று ஒரு பனை, செங்குத்துப் பாறையில் மட்டும் நிற்கும். பாறைதான் அதற்குப் பிடிக்கும்போல என்று பல வருஷம் நினைத்திருந்தேன். ஒருநாள் ஒரு கொம்பன் யானை கீழே நின்று தும்பிக்கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, எட்டாமல் பாறையை ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் போனான். கைக்கு எட்டின இடத்தில் இருந்ததையெல்லாம் அவன் பாட்டன் முப்பாட்டன் தின்று தீர்த்திருப்பார்கள்.

அருமனை ஹவில்தார்:
நீங்கள் சொல்வதெல்லாம் குட்டி மலை, கோபப்படாதீர்கள். நம் பக்கத்தில் பெரியதான பொதிகையே 1,868 மீட்டர். நான் வடக்கு சிக்கிமில் இருந்த இடத்தில் மரமே முளைக்காது. ஒரு ஆகஸ்ட் காலை, காவல் நேரம், மூடுபனி லேசாக விலகுகிறது, எதிர்ச் சரிவில் வெள்ளைச் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு ஆள். அசையவில்லை. குரல் கொடுத்தேன், பதில் இல்லை, மறுபடி கொடுத்தேன். பக்கத்திலிருந்த உள்ளூர்க்காரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். செடி! சிக்கிம் சுந்தரி என்று பெயர். 4,000 மீட்டருக்கு மேல், முழங்காலளவு புல்கூட இல்லாத இடத்தில் ஆள் உயரம். கிட்டப் போய்ப் பார்த்தேன். வெளியே தெரிவது பூ இல்லை, கண்ணாடிக் காகிதம் போன்ற இலைகள் ஓடு அடுக்கினதுபோல் கவிழ்ந்து பூவை மூடியிருக்கின்றன. கையுறையைக் கழற்றி ஒரு இலையைத் தூக்கி விரலை விட்டேன், உள்ளே வெளியைவிடக் கதகதப்பு, சின்னப் பூச்சிகள் வேறு குடியிருக்கின்றன. வெளிச்சத்தை விடும், புற ஊதாக் கதிரைத் தடுக்கும், மழையையும் தடுக்கும். பல வருஷம் வெறும் இலையாகக் கிடந்து ஒரே ஒரு தடவை இப்படி எழுந்து பூத்து, விதை போட்டுச் செத்துவிடுமாம். இப்போது ரப்பர் பால் வெட்டப் போகும் விடியலில் வெள்ளையாக எது தெரிந்தாலும் நின்றுவிடுகிறேன், பெண்டாட்டிக்கு இது தெரியாது.

கோதையாறு விஞ்சு:
குட்டி மலை என்று சொன்னதற்கு மட்டும் பதில். ஹவில்தார் அண்ணாச்சி, உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அப்பா மின்வாரியம், சின்ன வயதில் ஒரே ஒரு முறை கீழ்க்கோதையாற்றிலிருந்து மேலே, கேபிள் இழுத்து ஏற்றுகிற வண்டியான விஞ்சில் கூட்டிப்போனார். பஸ்ஸில் போனால் வளைந்து வளைந்து எதுவும் தெரியாது, விஞ்சு நேரே ஏறுவதால் காடு சினிமா ரீல் மாதிரி மாறும். ஈத்தை போச்சு, பெருமரம் வந்தது, அப்புறம் மரத்துக்குத் தாடி முளைத்த மாதிரி பாசி, காது அடைத்தது, அப்பா தன் சட்டையைக் கழற்றி எனக்குப் போட்டார். ஒரு இடத்தில் கேபிள் நின்றுவிட்டது. சரியாக மேகத்துக்குள். மழை பெய்யவில்லை, ஆனாலும் எல்லா இலை நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிறது. மேகத்தை இலையே வடிகட்டிக் குடிக்கிறது என்றார் அப்பா. 2023ல் அரிக்கொம்பன் யானையைக் கொண்டுபோய் விட்டது அந்தப் பக்கம்தான், செய்தியில் பார்த்தபோது எனக்கு யானை தெரியவில்லை, அந்தச் சொட்டுத்தான் கேட்டது.

டீச்சர், வேறு இனம் என்கிறீர்கள், சரி. ஆனால் அதே மரமே காற்றில் குட்டையாக நிற்பதும் உண்டு இல்லையா? பார்க்காமல் எப்படி முடிவு செய்வது?

பாட்டனி டீச்சர்:
உண்டு. அதனால்தான் வாய்ப்பு அதிகம் என்று எழுதினேன். மருமகன் அந்த இலையை வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் போடட்டும், நரம்பும் காம்பும் தெரிந்தால் கொஞ்சமாவது சொல்லலாம்.

மாறாமலை மருமகன்:
நோட்டு கிடைத்துவிட்டது. அந்தப் பக்கம் இல்லை. கூலிக் கணக்கு எழுதிக் கொடுக்க மாமனார் கிழித்துவிட்டாராம். இலையைக் கேட்டால், "எந்த இலை மருமோனே, காய்ந்த சருகு ஒன்று விழுந்தது, பெருக்கியாச்சு" என்கிறார். பிப்ரவரியில் மறுபடி ஏறுகிறேன். பறிக்க மாட்டேன் கார்டு சார், படம் மட்டும்.