படகில் வோக்கி-டோக்கி: முறைப்படி பேசுவது அவசியமா?

நோர்வூட்வாசி:
இலங்கை மலையகத்தின் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் இரண்டு படகுகளில் ஒன்றை நான் ஓட்டுகிறேன். கரையில் ஒருவர், படகுகளில் இருவர் என மூவரிடமும் வோக்கி-டோக்கி உண்டு. ஒருவர் குரலை மற்றவர் நன்கு அறிவோம் என்பதால் பெயர் சொல்லி அழைப்பதோ, பேசி முடித்ததும் 'ஓவர்' என்பதோ எங்களிடம் வழக்கமில்லை. சென்ற மாதம் மூடுபனி இறங்கிய ஒரு மாலையில் மற்றப் படகின் இயந்திரம் நின்றுவிட்டது. "இங்கே நிற்கிறோம், வாங்க" என்று மட்டும் கேட்டது. எங்கே என்று வினவ நான் பொத்தானை அழுத்திய அதே கணத்தில் கரையில் இருந்தவரும் பேசியதால் எவர் சொன்னதும் எவருக்கும் விளங்கவில்லை. படகைக் கண்டுபிடிக்க அரை மணி நேரமாயிற்று. அதில் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். கடலில் கடைப்பிடிக்கும் ஒழுங்கை எங்களைப் போன்றவர்கள் கற்பதில் பயன் உண்டா?

கடலோடி:
தம்பி, நான் பொகவந்தலாவையில் பிறந்து திருகோணமலையில் படகு ஓட்டுபவன். பயன் உண்டு என்பதில் எனக்கு ஐயமே இல்லை. கடலில் படகுகள் பேசப் பயன்படுத்தும் வீஎச்எஃப் (மிக உயர் அதிர்வெண்) வானொலிக் கருவியின் 16ஆம் அலைவரிசை, அதாவது 156.8 மெகாஹேர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கென ஒதுக்கப்பட்டது. உயிராபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறையும் படகின் பெயரை மூன்று முறையும் சொல்லி, மீண்டும் ஒருமுறை 'மேடே' என்று பெயரோடு கூறி, பின்னர் இருக்கும் இடம், நேர்ந்தது, வேண்டிய உதவி, படகில் உள்ளவர்களின் எண்ணிக்கை என்ற வரிசையில் சொல்ல வேண்டும். மின்கலம் தீர்ந்து பேச்சு பாதியில் அறுந்தாலும், எங்கே புறப்பட வேண்டும் என்பதையாவது கேட்டவர் அறிந்திருப்பார் என்பதற்காகவே இடம் முன்னால் வருகிறது. உங்கள் நண்பர் சொன்ன மூன்று சொற்களில் இல்லாமற்போனது அதுதான். உடனடி உயிராபத்து இல்லாமல் இயந்திரம் நின்றுபோனால் 'மேடே' அன்று, 'பான்-பான்' என்பதே முறை.

'ஓவர்' அலங்காரச் சொல் அன்று. பொத்தானை அழுத்திப் பேசுபவரால் அந்நேரம் கேட்க இயலாது. ஆகவே முறை உங்களுடையது என்று ஒப்படைக்கும் சொல் அது. 'அவுட்' என்றால் உரையாடல் முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது பிழை. 'ரோஜர்' என்பது முழுவதும் கேட்டது என்று மட்டுமே பொருள்படும், சம்மதம் ஆகாது.

மவுசாகலைக் கரை:
மேலே சொன்னதோடு நம் மலைகளுக்குரிய ஒன்றையும் சேர்க்கிறேன். இந்த வானொலி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், மலைமுகடு குறுக்கிட்ட குடாவுக்குள் நுழைந்ததும் குரல் மங்கிவிடும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசாவிட்டால் முதற்சொல்லும் வெட்டுப்படும். அது பெரும்பாலும் பெயராகவே இருக்கும். இரைச்சலில் 'இருபது', 'அறுபது' இரண்டும் ஒன்றுபோல் கேட்பதால் எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்லி, கேட்டவர் திருப்பிச் சொல்லட்டும். ஒவ்வொரு குடாவுக்கும் மூவரும் ஒரே பெயரை வழங்குவது நல்லது. கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

நோர்வூட்வாசி:
இருவருக்கும் நன்றி. ஒரே குடாவை நான் 'பாலத்தடி' என்றும் கரையில் இருப்பவர் 'கோயில் துறை' என்றும் அழைத்து வந்திருக்கிறோம் என்பதை இன்றுதான் கவனித்தேன். பெயர்களை எழுதி மூன்று கருவிகளின் பின்புறத்திலும் ஒட்டியிருக்கிறோம்; நாளை பயணிகள் வருமுன் ஒவ்வொரு குடாவிலிருந்தும் அழைத்துப் பார்ப்போம்.