1837 ஜேம்ஸ் வில்லியம்ஸ் சிறுநூல்: பேசுவது யார்?

மனுக்காரன்:
இருபது வருடமாக அரசு அலுவலக வாசலில் மனு எழுதுகிறேன். ஒரு பாட்டி அரை மணி நேரம் அழுது சொல்வதை ‘மேற்படி நிலத்தில்’ என்று நான்கு வரியில் முடித்துவிடுவேன். அதனால்தான் இந்தச் சந்தேகம். ஜமைக்காவில் 18 வயதுப் பையன் ஜேம்ஸ் வில்லியம்ஸ் சொன்னதை 1837இல் லண்டனில் அச்சிட்டார்கள். சொன்னது அவன், எழுதியது வேறொருவர். அவன் பேச்சு அதில் எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

பழையதாள்:
நிறையவே மிஞ்சியிருக்கிறது. இலக்கணம் திருத்தாமல் ஜமைக்காப் பேச்சைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறார்கள்.

1834 ஆகஸ்ட் 1இல் ஜமைக்கா போன்ற பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறை ஒழிந்ததாகப் பேர். முதலாளிகளுக்கு 2 கோடி பவுன் நஷ்டஈடு. தோட்டத்து ஆட்களுக்கோ ‘அப்ரெண்டிஸ்’ என்ற புதுப்பெயரில் இன்னும் ஆறு வருடம் அதே முதலாளியிடம் கூலியில்லா வேலை. முதலாளி கைநீட்டக் கூடாது, மாஜிஸ்திரேட்டிடம் பிராது கொடுக்கலாம். அடிக்கச் சொல்வது மாஜிஸ்திரேட். அடிமையாக இருந்தபோது தனக்குச் சாட்டையடி விழுந்ததில்லை, புதுச் சட்டம் வந்தபிறகு ஏழு தடவை அடி, நான்கு தடவை சிறை என்கிறான் பையன். மனுவுக்கு இதைவிட நல்ல முதல் வரி உண்டா?

சிறையில் ட்ரெட்மில். ஜிம்மில் இருப்பது இல்லை! படிகள் வைத்த பெரிய உருளை. மேலே உள்ள கட்டையில் மணிக்கட்டைக் கட்டி மிதிக்கவிடுவார்கள். கால் தவறினால் கையில் தொங்க வேண்டியதுதான், சுழலும் படிகள் முழங்காலுக்குக் கீழே மோதிக்கொண்டே இருக்கும். பெண்களையும் ஏற்றினார்கள்.

கரும்புத்தோட்டம்:
பழையதாள் சொல்வது சரி, ஆனால் முழுசாக இல்லை. எதைக் கேட்பது, எதை அச்சிடுவது என்று முடிவுசெய்தது அடிமை ஒழிப்புக்காரர்கள். அவர்களுக்கு வேண்டியது அடியும் சிறையும். பர்மிங்காம் தானிய வியாபாரி ஜோசப் ஸ்டர்ஜ் காசு கொடுத்து அவனை விடுவித்து இங்கிலாந்துக்குக் கூட்டிவந்ததே அதற்குத்தான். பொய் என்று தோட்ட முதலாளிகள் கத்தினார்கள். ஜமைக்காவில் விசாரணை வைத்தபோது மற்ற தொழிலாளர்களும் வந்து சாட்சி சொன்னார்கள். பெரும்பாலும் உண்மை என்றுதான் முடிந்தது. 1838 ஆகஸ்ட் 1இல், இரண்டு வருடம் முன்னதாகவே, அப்ரெண்டிஸ் முறை போனது.

மனுக்காரன்:
சரி, அப்புறம் பையன் என்ன ஆனான்?

கரும்புத்தோட்டம்:
இங்கிலாந்தில் அவன் நடத்தை ஸ்டர்ஜுக்குப் பிடிக்கவில்லை. திரும்ப ஜமைக்காவுக்கே கப்பலேற்றிவிட்டார்.

மனுக்காரன்:
அடப்பாவமே. என்னிடம் வருகிறவர்களுக்கு நான் ஒரு டீயாவது வாங்கிக் கொடுப்பேன்.