ஜீனோவுக்கு எந்த அலமாரி?

கொல்லிமலை: "சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' அறிவியல் புனைகதையே அல்ல, ரோபோ நாய் ஒன்றைச் சேர்த்த துப்பறியும் தொடர்" என்று எழும்பூர்வாசி நேற்று எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து கோபம் அடங்கவில்லை. அந்த ரோபோ நாய் ஜீனோ புத்தகம் படிக்கிறது, வாதாடுகிறது, தானாக யோசிக்கிறது. இது அறிவியல் புனைகதை இல்லையென்றால் வேறு எது?

எழும்பூர்வாசி: ஜீனோவின் மூளை எப்படி இயங்குகிறது என்பதற்குக் கதையில் உருப்படியான விளக்கம் உண்டா? அதன் இடத்தில் ஒரு கெட்டிக்காரச் சிறுவனை வைத்தாலும் கதை ஓடும். கணவனைக் காணாமல் தேடும் நிலா, சர்வாதிகாரி ஜீவா, வாராவாரம் ஒரு திடுக்கிடல். விகடன் தொடருக்கு அது தேவைப்பட்டது.

கொல்லிமலை: சிறுவன் யோசித்தால் யாருக்கு வியப்பு? இயந்திரம் யோசிக்கிறது என்பதுதான் கதையே. வாராவாரத் திடுக்கிடல்தான் குற்றமா? 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் கல்கியில் தொடராக வந்தது. அதிலும் சதி, ஒற்றன், சுரங்கப்பாதை எல்லாம் உண்டு. சரித்திர நாவல் என்ற முத்திரை இருப்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறீர்கள்.

நூலகப்பூனை: முத்திரைதான் கதையை எழுத வைக்கிறது. மாத நாவலுக்குப் பக்க அளவு முன்பே முடிவாகிவிடும். க்ரைம் என்றால் அட்டையில் துப்பாக்கி, முதல் அத்தியாயத்திலேயே பிணம். கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட் தன் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலை அறிவியல் புனைகதை என்று அழைக்க மறுத்தார். 1987இல் அறிவியல் புனைகதைக்கான முதல் ஆர்தர் சி. கிளார்க் விருது அதே நாவலுக்குத்தான் போனது.

எழும்பூர்வாசி: கனடா எதற்கு? ஜீனோவின் மூளையைப் பற்றிக் கேட்டேன்.

கொல்லிமலை: மூளைக்கு வரைபடம் கேட்கிற நீங்கள் எத்தனை விஞ்ஞானக் கதைகளை முழுதாகப் படித்திருக்கிறீர்கள்? புத்தகக் கடையில் சுஜாதாவை எல்லாம் ஒரே அடுக்கில் போட்டு வைக்கிறார்கள். கணேஷ்–வசந்த் துப்பறியும் கதைக்குப் பக்கத்தில் ஜீனோ நிற்கிறது. வாங்குகிறவர் கொலைகாரனைத் தேடிக்கொண்டே படிக்கிறார், ஜீனோ பேசுகிற இடங்களைத் தாண்டிப் போகிறார். உங்களைப் போன்றவர்கள் அப்படித்தான் உருவாகிறார்கள்.

மதுரைதீபா: கொல்லிமலை ஐயா, போன மாதம் சரித்திர நாவலாசிரியர் சாண்டில்யனைப் பற்றி நான் எழுதியபோதும் இப்படித்தான் ஆளைத் தாக்கினீர்கள். அதற்கு இன்னும் வருத்தம்கூடத் தெரிவிக்கவில்லை.

கொல்லிமலை: சாண்டில்யனை வெறும் காதல் கதைக்காரர் என்றீர்கள். 'கடல் புறா'வின் கடற்போர்களைப் படித்தவர் அப்படிச் சொல்ல மாட்டார். எதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்?

மதுரைதீபா: வர்ணனையில் பாதி இளவரசியின் இடைதான். அதையும் படித்தேன்.

எழும்பூர்வாசி: இளவரசி இருக்கட்டும். ஜீனோ எப்படி யோசிக்கிறது? மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

கொல்லிமலை: மூன்றாவது முறையாகச் சொல்கிறேன், அது யோசிக்கிறது என்பதே போதும். அடுத்த பாகமான 'மீண்டும் ஜீனோ'வை எடுத்துப் படியுங்கள், பிறகு பேசலாம்.

எழும்பூர்வாசி: இரண்டையும் படித்துவிட்டுத்தான் கேட்கிறேன்.