பாசித் தண்ணீர்: குளோரின் முதலில் அல்ல, கடைசியில்

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

குடிநீரில் பாசி வாடை வந்தால் குளோரினைக் கூட்டிவிட்டால் போதாதா என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். சுத்திகரிப்பு நிலையத்திலேயே காலம் தள்ளுபவன் என்ற முறையில் சொல்கிறேன், முதல் வேலையாக அதைத்தான் செய்யக் கூடாது.

நீலப்பச்சைப் பாசியின் ஒவ்வொரு செல்லும் ஒரு பை மாதிரி. மண்வாடை தரும் ஜியோஸ்மினும், ஈரலைத் தாக்கும் மைக்ரோசிஸ்டின் நஞ்சும் பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கும். பை முழுசாக இருந்தால் பிடித்து வெளியே எடுத்துவிடலாம். குளோரின் அதைக் கிழித்துவிட்டால் உள்ளிருப்பது தண்ணீரில் கரைந்து, மணல் வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். வீட்டில் கொதிக்க வைத்தாலும் மைக்ரோசிஸ்டின் அழியாது, தண்ணீர்தான் வற்றும்.

1979இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் அணையில் மண்டிய பாசியைக் கொல்ல மயில்துத்தம் (தாமிர சல்பேட்) போட்டார்கள். பாசி செத்தது. சில நாட்களில் 148 பேருக்கு ஈரல் பாதிப்பு, பெரும்பாலோர் குழந்தைகள்.

சரி, உயிரோடு எப்படி எடுப்பது? படிகாரம் போட்டால் பாசி திரளும். ஆனால் லேசான சரக்கு, அடியில் படிய அடம்பிடிக்கும். மிதக்க நினைப்பதை மிதக்கவே விடுவதுதான் கெட்டிக்காரத்தனம். அழுத்தத்தில் காற்றைக் கரைத்த நீரைத் தொட்டிக்குள் விட்டால் பால்போல நுண்குமிழிகள் கிளம்பும், திரளைத் தூக்கிக்கொண்டு மேலே வரும், பாலேட்டை வழிப்பதுபோல வழித்துவிடலாம்.

இதில் வெயிலும் விளையாடும். பகலில் பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9ஐக்கூடத் தாண்டும்; படிகாரத்துக்கு 6 முதல் 7.5 வரை இருந்தால்தான் வசதி. காலையில் ஜார் சோதனை (சில ஜாடித் தண்ணீரில் வெவ்வேறு அளவு படிகாரம் போட்டுப் பார்ப்பது) செய்து வைத்த அளவு மதியம் கைவிடுவது அதனால்தான். ஏற்கெனவே கரைந்துவிட்ட வாடைக்கும் நஞ்சுக்கும், அவற்றை உறிஞ்சிக்கொள்ளும் கரித்தூளான தூள் கார்பன். குளோரினுக்கு இடம் வடிகட்டிக்குப் பிறகு. பிஹெச் 8க்குக் கீழே இருந்தால் மிஞ்சிய மைக்ரோசிஸ்டினையும் அது சிதைக்கும்.

இன்னொன்று, சேறு. நான் முன்பு இருந்த ஒரு நிலையத்தில், பிரித்தெடுத்த பாசிச் சேற்றை ஒரு தொட்டியில் நாள்கணக்கில் போட்டுவைத்து, அதன் தெளிநீரை மறுபடி வரும் நீரோடு கலந்துகொண்டிருந்தோம். ஏரி தெளிந்த பிறகும் வாடை போகவில்லை. செல்கள் வெடித்துக்கொண்டிருந்தது எங்கள் தொட்டியிலேயேதான் என்று கண்டுபிடிக்க இரண்டு வாரம் ஆயிற்று.