மெக்லீஷ் பெருமை போதும், அந்த 36,000 பவுண்டுக்குப் பதில் எங்கே?

கடுங்காப்பி:
ஸ்காட்லாந்தின் முன்னாள் முதலமைச்சர் ஹென்றி மெக்லீஷ் பற்றி வழிப்போக்கன் நேற்று இந்தத் தளத்தில் ஒரு நீளமான புகழ்மாலை போட்டிருந்தார். பதவியை விட்டபின் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் பாடம் நடத்தினாராம், அரசே ஆலோசனை கேட்டு வந்ததாம், "அரசியலைவிடப் பெரிய மனிதர்" ஆகிவிட்டாராம். பதவி ஏன் போனது என்று மட்டும் ஒரு வரி கிடையாது. நான் எழுதுகிறேன். கிளென்ராத்திஸ் ஊரில் அவருடைய எம்.பி. அலுவலகத்துக்கு வாடகைப் படி கொடுத்தது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது லண்டன் பாராளுமன்றம். அந்த இடத்திலேயே ஒரு பகுதியை உள்வாடகைக்கு விட்டு, வந்த காசைக் கணக்கில் காட்டவில்லை. மொத்தம் சுமார் 36,000 பவுண்டு. 2001 நவம்பர் 8 அன்று ராஜினாமா. முதலமைச்சராக இருந்தது ஒரு வருஷமும் சில நாட்களும்.

வழிப்போக்கன்:
வந்துவிட்டார். அது குளறுபடி, மோசடி இல்லை என்று அவரே விளக்கம் சொன்னார். வாடகைக் காசு அலுவலகச் செலவுக்குத்தான் போனது. குற்றவழக்கு எதுவும் போடப்படவில்லை. அவர் செய்ததையும் பாருங்கள் ஐயா. முதியோருக்கு வீட்டிலும் இல்லத்திலும் தனிநபர் பராமரிப்பு இலவசமாக வேண்டும் என்று சதர்லண்ட் ஆணையம் 1999இல் சொன்னது. பிளேர் அரசு இங்கிலாந்துக்கு முடியாது என்றது. சொந்தக் கட்சியான தொழிற்கட்சியின் லண்டன் தலைமையை மீறி ஸ்காட்லாந்தில் கொண்டுவருவேன் என்று நின்றவர் மெக்லீஷ். 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, இன்றும் இருக்கிறது. உங்களுக்கு உள்வாடகைதான் கண்ணில் படுகிறது.

கடுங்காப்பி:
36,000 பவுண்டைக் கேட்டால் முதியோரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துகிறார். 2002 ஜூலையில் அவர் முதலமைச்சரே இல்லை, நாற்காலியில் இருந்தது ஜாக் மெக்கானல். விஷயத்துக்கு வருகிறேன். முதலில் 9,000 பவுண்டைத் திருப்பிக் கட்டிவிட்டு முடிந்தது என்றார்கள். ராஜினாமாவுக்கு ஒரு வாரம் முன் பிபிசி விவாத நிகழ்ச்சியில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை! தன் அலுவலக வாடகைக் கணக்கு தெரியாதவர் எந்த நாட்டுக்கு ஆலோசனை சொல்கிறார்?

மொட்டைமாடி:
யாரும் கால்பந்து பற்றிப் பேசவே இல்லையே? ஈஸ்ட் ஃபைஃப் அணிக்குத் தொழில்முறையாக ஆடியவர். 2010இல் ஸ்காட்லாந்து கால்பந்தைச் சீர்திருத்த அறிக்கை கொடுத்ததும் அவர்தான்.

கடுங்காப்பி:
நல்ல அறிக்கை! மேல்மட்ட லீக்கில் பத்து அணி போதும் என்றார். இன்றும் பன்னிரண்டு அணிகள் ஆடுகின்றன. கிளப்புகளே காதில் வாங்கவில்லை.

மொட்டைமாடி:
இரண்டு லீக் நிர்வாகங்களை ஒன்றாக்கச் சொன்னதும் அதே அறிக்கை. 2013இல் ஒன்றாக்கினார்கள். பாதி படித்துவிட்டுப் பேசுவது உங்கள் பழைய பழக்கம்.

கிளாஸ்கோவாசி:
இந்த ஊரில் வரி கட்டுகிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. மெக்லீஷை அப்போது ஸ்காட்லாந்து பாராளுமன்றத்தில் விரட்டி விரட்டிக் கேட்டவர் கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் மெக்லெட்ச்சி. அவரே 2005இல் டாக்சிச் செலவு விவகாரத்தில் தலைவர் பதவியை விட்டார். அது பற்றிக் கடுங்காப்பி வாய் திறந்ததுண்டா? 2008இல் வெண்டி அலெக்சாண்டர் தலைமைப் போட்டிக்கு வாங்கிய நன்கொடைகளை உரிய நேரத்தில் பதிவு செய்யாத விவகாரத்தில் ஸ்காட்லாந்து தொழிற்கட்சித் தலைமையை விட்டார். பிறகு லண்டன் பிசினஸ் ஸ்கூல், அப்புறம் டண்டி பல்கலைக்கழகத்தில் துணை முதல்வர். இந்த நாட்டில் அரசியலை விட்டவர்கள் கல்லூரிப் பக்கம் போவது புதிதில்லை.

கடுங்காப்பி:
அதைத்தானே நானும் சொல்கிறேன்! தோற்ற அரசியல்வாதிக்கெல்லாம் பல்கலைக்கழகம் ஒரு சத்திரம். மெக்லெட்ச்சி, வெண்டி எல்லாம் தனி இழை போடுங்கள், வந்து பேசுகிறேன். இங்கே கேள்வி 36,000.

வழிப்போக்கன்:
சத்திரமா? 2007இல் அவரைச் சிறைச்சாலை ஆணையத்துக்குத் தலைவராக்கியது எதிர்க்கட்சியாக இருந்து ஆட்சிக்கு வந்த எஸ்.என்.பி., அதாவது ஸ்காட்லாந்து தேசியக் கட்சி. பரம வைரியே கூப்பிட்டுப் பொறுப்பு கொடுத்தது. குட்டி குட்டித் தண்டனைகளால் சிறை நிரம்புகிறது, சமூகப்பணித் தண்டனை கொடுங்கள் என்றார். 2010 சட்டம் மூன்று மாதமும் அதற்குக் குறைவுமான தண்டனைகளைத் தவிர்க்கச் சொன்னது. 2019இல் அதைப் பன்னிரண்டு மாதமாக்கினார்கள். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கடுங்காப்பி:
கைதிகளை 5,000 பேராகக் குறைக்க வேண்டும் என்றது அந்த அறிக்கை. குறைந்ததா? சிறைகள் இன்றும் நிரம்பி வழிகின்றன. எண்களில் அவருக்கு என்றுமே ராசி கிடையாது. அலுவலகத்திலும் அப்படித்தான்.

கிளாஸ்கோவாசி:
ஆணையம் பரிந்துரைதான் செய்யும். செய்யாமல் விட்ட நீதிபதிகளையும் அமைச்சர்களையும் கேளுங்கள். ஸ்காட்லாந்து தனிநாடாக வேண்டுமா என்ற 2014 வாக்கெடுப்பு இழையில் "ஆம்" தரப்பு கண்டிப்பாக ஜெயிக்கும் என்று எழுதியவர்தானே நீங்கள்? 55க்கு 45 என்று தோற்றபின் இரண்டு மாதம் ஆளையே காணோம்.

கடுங்காப்பி:
ஊருக்குப் போயிருந்தேன். அதை இங்கே இழுப்பவருக்கு வேறு சரக்கு இல்லை என்று தெரிகிறது. மெக்லீஷுக்கே வருவோம். 2001 தேர்தலின்போது மைக் ஓடுவது தெரியாமல் சொந்தக் கட்சி பிரையன் வில்சனை ஒரு பாரம் என்றும் ஜான் ரீடை இங்கே எழுத முடியாத வார்த்தையிலும் சொன்னவர். இவரா மாமனிதர்?

மொட்டைமாடி:
மைக் இல்லாமலே நீங்கள் எழுதும் வார்த்தைகளை விடவா?

வழிப்போக்கன்:
விடுங்கள் மொட்டைமாடி. மெக்லீஷ் ஃபைஃப் பிராந்திய கவுன்சிலுக்குத் தலைவராக இருந்தவர், ஸ்காட்லாந்துக்குத் தனிப் பாராளுமன்றம் தந்த 1998 ஸ்காட்லாந்து சட்டத்தை அன்றைய ஸ்காட்லாந்து விவகார அமைச்சர் டொனால்ட் டியூவரோடு நின்று நிறைவேற்றியவர். கடுங்காப்பியோ நம் தளத்தின் நிர்வாகக் குழுத் தேர்தலில் நின்று மூன்றாவதாக வந்தவர்.

கடுங்காப்பி:
இரண்டாவது. வாக்கு எண்ணியது யார் என்பதும் எனக்குத் தெரியும், அந்த இழையை அழித்தது யார் என்பதும் தெரியும். அதன் திரைப்பிடிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது, வேண்டுமா?

கிளாஸ்கோவாசி:
போடுங்கள் பார்ப்போம்.