நாய்க்கு நகம் வெட்டப்போய் ரத்தம் வந்துருச்சு, என்ன செய்ய?

கருப்பன்_வீடு:
போன தையில ஏற்காடு எஸ்டேட்ல இருந்து சேலம் அம்மாபேட்டைக்குக் குடி வந்தோம், மூணாவது மாடி. எங்க கருப்பன் நாட்டு நாய், 4 வயசு. மலையில இருந்தவரைக்கும் அவனுக்கு நகம் வெட்டினதே இல்ல. இப்ப டைல்ஸ்ல நடந்தா டக்கு டக்குனு சத்தம். நேத்து ராத்திரி எங்க நகவெட்டியாலயே ஒண்ணை வெட்டினேன், நகம் பிளந்து ரத்தம் கொட்டிருச்சு. அம்மா காபித்தூளை அப்பிட்டாங்க. ரத்தம் நின்னுச்சு, ஆனா காலைத் தொட விடமாட்டேங்குறான். நகம் முழுக்கக் கருப்பு, எதுவரைக்கும் வெட்டறது? இன்னொண்ணு, அதே நகவெட்டியில அப்பாவுக்கு வெட்டலாமா? 12 வருஷமா சுகர். கால் கட்டைவிரல் நக ஓரம் சதையில குத்துதாம்.

செவ்வாய்ப்பேட்டை_மணி:
தம்பி, காபித்தூளை முதல்ல கழுவி விடுங்க. நக்கினா உள்ள போகும், காபி நாய்க்கு விஷம். ரத்தம் வந்தா மைதா, கார்ன்ஃப்ளோர் எதையாவது வச்சு துணியால 5 நிமிஷம் அழுத்திப் பிடிக்கணும், நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கக்கூடாது. ஜவ்வரிசி ஊர்ல இருந்துட்டு மாவுக்கா பஞ்சம்!

மூணு_நாய்_அக்கா:
மலையில கல்லு, தார் ரோடுன்னு ஓடினப்ப நகம் தானாத் தேஞ்சிருக்கும். டைல்ஸ் எங்க தேய்க்கும்? நகம் நீள நீள உள்ள இருக்கிற சதையும் ரத்தக்குழாயும் கூடவே நீண்டுரும். ஒரே நாள்ல குட்டையாக்கப் பாத்தா திரும்ப ரத்தம்தான். வாரம் ஒருக்கா நுனியை மட்டும் சீவிட்டு வாங்க, உள்சதை மெல்லப் பின்வாங்கும்.

கருப்பு நகத்துல நொய்யரிசி அளவு சீவிட்டு, வெட்டின முகத்தை நேரா வச்சுப் பாருங்க. வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி வறண்டு இருந்தா இன்னும் சீவலாம். நடுவுல கருப்பா ஈரமா ஒரு புள்ளி தெரிஞ்சா அதோட நிறுத்திடுங்க. பகல் வெளிச்சத்துல செய்யுங்க.

நம்ம நகம் தட்டை, அதுங்க நகம் உருண்டை. நம்ம நகவெட்டி நசுக்கும், அதான் பிளந்துருச்சு. நாய்க்குன்னே கத்தரி மாதிரி விக்குது, வாங்கிடுங்க. முன்னங்கால்ல உள்பக்கம் மேல ஒரு விரல் தரையில படாது. எங்க பெரியவளுக்கு அதை நான் கவனிக்கவே இல்ல, சுருண்டு சதைக்குள்ளயே இறங்கிருச்சு. இன்னும் எனக்கு உறுத்தல்.

பயம் தெளியறவரைக்கும் கத்தரியே வேண்டாம். காலைத் தொட்டா ஒரு துண்டு வேகவச்ச ஈரல், அவ்வளவுதான். பிளந்தது அடிவரைக்கும் போயிருந்தா கால்நடை டாக்டர்கிட்ட காட்டிடுங்க.

வெள்ளை_கோட்டு:
நான் நர்ஸ். அப்பாவுக்குத் தனி நகவெட்டி, கண்டிப்பா. நாய்கிட்ட இருந்து படர்தாமரை மனுஷனுக்கு ஒட்டும். ஓரத்தை நோண்டி எடுக்கறேன்னு நீங்க இறங்காதீங்க. சுகர்காரங்க கால் மரத்துப்போயிருந்தா வெட்டுப்பட்டதே தெரியாது. குத்தறதை டாக்டர்கிட்ட காட்டுங்க. சிவப்பு, வீக்கம், சீழ் இருந்தா இன்னைக்கே. அப்புறம் எப்ப வெட்டினாலும் குளிச்ச கையோட நேர்கோடா வெட்டி, முனையை அரத்தால லேசாத் தேய்ச்சு விடுங்க. வளைச்சு வெட்டினா திரும்பக் குத்தும்.

கருப்பன்_வீடு:
அப்பாவைக் காட்டியாச்சு, நக ஓரத்தை டாக்டரே எடுத்துட்டார். கருப்பன் ஈரலுக்காக இப்ப அவனாவே காலை நீட்டறான், 10 நாள்ல ரெண்டு நகம் முடிஞ்சுது. இன்னைக்கு மூணாவது வெட்டலாம்னு பாத்தா, வெள்ளிக்கிழமையில நாய்க்கும் நகம் வெட்டக்கூடாதுன்னு அம்மா கத்தரியை ஒளிச்சு வச்சுட்டாங்க. நாளைக்குத்தான்.